இரண்டாவது கணக்கு



பொதுக்காலத்தின் ஏழாம் ஞாயிறாகிய இன்று, லூக்கா நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்திலிருந்து வாசிக்கக் கேட்டோம். பகைவரிடமும் அன்பு காட்டச் சொல்லும் அந்தப் பகுதியின் கடைசியில் ஆண்டவர் இரண்டு காரியங்களை அடுத்தடுத்துச் சொல்கிறார். அடுத்தவருக்குத் தீர்ப்பு எழுதும் வேலையை விட்டுவிடச் சொல்கிறார். உடனே, தானியத்தை மரக்காலில் குவித்து வழிய வழிய மடியில் கொட்டுகிறவரைப் போலக் கொடுக்கச் சொல்கிறார். தீர்ப்புக்கும் கொடைக்கும் என்ன உறவு? ஏன் இந்த இரண்டையும் ஆண்டவர் சேர்த்துச் சொன்னார்? இரண்டிலும் அளவு இருக்கிறது. தீர்ப்பிடுகிறவர் அடுத்தவரை அளக்கிறார், கொடுக்கிறவர் தன்னிடம் உள்ளதை அளந்து போடுகிறார். எனவே இன்று அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகச் சிந்திப்போம்.

காப்பி விளையும் மலைப்பங்கு இது. பழத்தைப் பறிக்கத் தெரிந்தவர்களும், பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்கிக் களத்தில் உலர்த்தத் தெரிந்தவர்களும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். இப்போது நம் இளைஞர்கள் சிலர் தாங்களே வறுத்து, அரைத்து, பொட்டலம் போட்டு நகரத்துக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் வீட்டு மேசையில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியைப் பார்த்திருக்கிறேன். ரிஃப்ராக்டோமீட்டர் என்று பெயர். பள்ளிப் பாடத்தில் ஒளிவிலகல்மானி என்று படித்திருப்பீர்கள். சமவெளியில் கரும்பு வெட்டுக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, சாற்றில் ஒரு சொட்டு எடுத்து, குழல் போன்ற ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்களே, அதே இனம்தான். காப்பிக்கு வரும் கருவியில் ஒரு சிறு குழி இருக்கும். அதில் சில சொட்டுக் காப்பி விட்டுப் பொத்தானை அழுத்தினால், இவ்வளவு சதவீதம் கரைந்திருக்கிறது என்று எண் வந்துவிடும்.

அது எப்படிச் சொல்கிறது? நீருக்குள் நுழையும் ஒளி வளைகிறது. நீரில் எவ்வளவு அதிகமாகப் பொருள் கரைந்திருக்கிறதோ, அவ்வளவு அதிகமாக வளையும். தூய நீரின் ஒளிவிலகல் எண் 20 டிகிரி வெப்பத்தில் 1.333. காப்பி கரைந்த நீரில் அது சிறிது கூடும். கூடுதல் எவ்வளவு என்று பார்த்தால் கரைந்தது எவ்வளவு என்பது தெரியும். ஜெர்மனியின் ஜெனா நகரில் எர்ன்ஸ்ட் அபே என்ற இயற்பியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதற்கான கருவியை அமைத்துவிட்டார். காப்பிக்கென்றே அதைப் பொருத்தி அமெரிக்காவில் வின்ஸ் ஃபெடெல் 2008 வாக்கில் கொண்டுவந்த பிறகு, முதலில் கடைகளுக்கும் பிறகு வீடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

கருவி காட்டும் அந்த எண் நம்மைத் திகைக்க வைக்கும் அளவுக்குச் சிறியது. பாலும் சர்க்கரையும் சேராமல் வெந்நீர் ஊற்றி வடித்த ஒரு கோப்பைக் காப்பியில், கரைந்திருக்கும் காப்பி ஏறத்தாழ 1.2 முதல் 1.4 சதவீதம்தான். மற்றதெல்லாம் தண்ணீர். நம் வீட்டு ஃபில்டரில் இறங்கும் டிகாக்‌ஷன் இதைவிடப் பல மடங்கு கெட்டி என்றாலும், பாலைச் சேர்த்த பிறகு அதை இந்தக் கருவியால் அளக்க முடியாது. பாலில் கரைந்தவையும் சேர்ந்து கணக்கில் வந்துவிடும். டிகாக்‌ஷனைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். இன்றைய நற்செய்திக்குள் இந்த வழியாகத்தான் நுழையப் போகிறோம்.

கருவி காட்டும் எண், காப்பி எவ்வளவு ஸ்ட்ராங் என்பதை மட்டும் சொல்கிறது. காப்பியை ஆழமாகப் படித்தவர்கள் அதோடு நிறுத்துவதில்லை. இரண்டாவதாக ஒரு கணக்குப் போடுகிறார்கள். அமெரிக்காவில் 1950களில், காப்பி தயாரிப்பை ஆராய்வதற்கென்றே நிறுவப்பட்ட ஒரு நிலையத்தில் பணியாற்றிய வேதியியலாளர் எர்னஸ்ட் லாக்கார்ட் இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே வரைபடத்தில் வைத்துக் காட்டினார். முதல் கணக்கு, கோப்பையில் எவ்வளவு இருக்கிறது என்பது. இரண்டாவது கணக்கு, தூளிடம் இருந்ததில் எத்தனை பங்கு கோப்பைக்குள் இறங்கியது என்பது.

எண்களிலேயே பார்ப்போம். ஒரு வீட்டில் 15 கிராம் தூள் போட்டு 250 கிராம் வெந்நீர் ஊற்றுகிறார்கள். தூள் 30 கிராம் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ள, கோப்பையில் 220 கிராம் இறங்குகிறது. கருவி 1.35 சதவீதம் என்று காட்டுகிறது. அதாவது கோப்பையில் மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவான காப்பி கரைந்திருக்கிறது. 15 கிராமில் அது ஏறத்தாழ 20 சதவீதம். நல்ல காப்பிக்கு லாக்கார்ட் வகுத்த 18 முதல் 22 சதவீதம் வரையிலான எல்லைக்குள் இது அழகாக அமர்கிறது.

பக்கத்து வீட்டில் 20 கிராம் தூள். கரகரப்பாக அரைத்திருக்கிறார்கள், அவசரமாக வடிக்கிறார்கள். கோப்பையில் 210 கிராம் இறங்குகிறது. கருவி அங்கேயும் 1.35 காட்டுகிறது. ஆனால் 20 கிராமில் இறங்கிய பங்கு வெறும் 14 சதவீதம். குடித்துப் பார்த்தால் புளிப்புத் தட்டும். மூன்றாவது வீட்டில் கையிருப்பே 12 கிராம்தான். மாவாக அரைத்து, நெடுநேரம் ஊறவைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். கோப்பையில் 226 கிராம். அங்கும் கருவி காட்டுவது அதே 1.35. ஆனால் அந்தப் பன்னிரண்டு கிராமிலிருந்து 25 சதவீதத்துக்கும் மேல் இறங்கியிருக்கிறது. நாக்கில் கசப்பு தங்கும்.

மூன்று கோப்பைகளும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. கோப்பைக்குப் பின்னால் நடந்தது ஒன்றாக இல்லை. எவ்வளவு தூள் போட்டார்கள் என்று தெரியாதவருக்கு அந்த வேறுபாடு ஒருபோதும் தெரியவராது. கையில் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும் தெரியாது.

சகோதர சகோதரிகளே, எருசலேம் ஆலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே ஆண்டவர் உட்கார்ந்திருந்த காட்சியை மாற்கு எழுதியிருக்கிறார். செல்வர்கள் வந்து நிறையப் போட்டார்கள். ஓர் ஏழைக் கைம்பெண் வந்து இரண்டு சிறு காசுகளைப் போட்டார். அங்கிருந்தவர்கள் எல்லாரும் முதல் கணக்கைத்தான் போட்டிருப்பார்கள்: பெட்டியில் எவ்வளவு விழுந்தது? ஆண்டவர் இரண்டாவது கணக்கைப் போட்டார். இருந்ததில் எவ்வளவு விழுந்தது என்று பார்த்தார். அந்தப் பெண்ணிடம் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் எல்லாரையும்விட அந்தப் பெண்ணே அதிகம் கொடுத்தார் என்று சீடர்களை அழைத்துச் சொல்ல அவரால் முடிந்தது. கூட்டத்தில் வேறு யாராலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

திருவிழா நன்கொடைப் பலகையை நினைத்துப் பாருங்கள். அதில் முதல் கணக்கு மட்டுமே இருக்கும். பெயருக்கு எதிரே தொகை. அது தேவைதான், வரவு செலவு ஒழுங்காக இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பலகையைப் பார்த்து, இவர் பெரிய பக்தர், இவர் கஞ்சன் என்று நாம் மனத்துக்குள் எழுதிக்கொள்கிறோமே, அந்த எழுத்துக்கு ஓர் ஆதாரமும் கிடையாது. எவர் வீட்டில் மருத்துவச் செலவு ஓடுகிறது, எவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்கியிருக்கிறார், எவருக்குக் கொடுத்தது ஒரு பொருட்டே இல்லை என்பது நமக்குத் தெரியாது. பணத்தில் மட்டுமா இப்படி? ஜெபத்தில், பொறுமையில், ஒழுக்கத்தில், எல்லாவற்றிலும் இப்படித்தான். அன்பு நிறைந்த வீட்டில் வளர்ந்த ஒருவர் சாந்தமாகப் பேசுகிறார். குடிகாரத் தந்தையின் அடியில் வளர்ந்த ஒருவர் பத்து முறை கத்த வந்த இடத்தில் இரண்டு முறை தன்னை அடக்கிக்கொள்கிறார். ஊர் முதலாமவரைப் பாராட்டும். கடவுளின் கணக்கில் இரண்டாமவர் எங்கே நிற்கிறார் என்று யார் சொல்ல முடியும்?

ஆண்டவர் தீர்ப்பிடுவதை ஏன் தடுக்கிறார் என்பது எனக்கு இங்கேதான் விளங்குகிறது. நல்லது கெட்டதைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. பொய்யைப் பொய் என்றும் திருட்டைத் திருட்டு என்றும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு மனிதரின் மொத்த மதிப்பு இவ்வளவுதான் என்று முடிவு கட்டுவதற்கு, அவருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற விவரம் வேண்டும். அந்த விவரம் கடவுளிடம் மட்டுமே இருக்கிறது. அது இல்லாமல் போடும் தீர்ப்பு, அன்பில்லாத செயல் என்பதற்கு முன்பே, கணக்கிலேயே பிழை.

முதல் வாசகத்தில் தாவீது செய்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். சீபு பாலைநிலத்தில் அரசர் சவுல் அயர்ந்து தூங்குகிறார். அவருடைய ஈட்டி தலைமாட்டில் குத்தி நிற்கிறது. ஒரே குத்தில் கதையை முடித்துவிடுகிறேன் என்று தாவீதோடு வந்த அபிசாய் துடிக்கிறார். கண்ணுக்குத் தெரிந்த எண்ணை வைத்துப் பார்த்தால் அபிசாய் சொல்வது சரி. சவுல் குற்றவாளி, தாவீதைக் கொல்லத் தேடுகிறவர். தாவீதோ, இந்த மனிதர் ஆண்டவரால் திருப்பொழிவு பெற்றவர் என்பதைப் பார்க்கிறார். சவுலுக்குக் கடவுள் என்ன கொடுத்தார், அதை சவுல் என்ன செய்தார் என்ற கணக்கைக் கொடுத்தவரே பார்க்கட்டும் என்று விட்டுவிடுகிறார். ஈட்டியையும் தண்ணீர்க் குவளையையும் மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார். சவுலின் தவறுகளை தாவீது மறைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். தூரத்தில் நின்று உரக்கக் கூப்பிட்டு, ஏன் என்னைத் துரத்துகிறீர் என்று நேருக்கு நேர் கேட்கிறார்.

இங்கே ஒருவர் என்னிடம் கேட்கலாம்: சுவாமி, அந்தக் கைம்பெண் இருந்ததையெல்லாம் போட்டாரே, அப்படியானால் நாங்களும் கடைசிச் சொட்டு வரை பிழிந்து கொடுக்க வேண்டுமா? நியாயமான கேள்வி. இதை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை, ஏனென்றால் இந்தப் பகுதியைக் காட்டியே ஏழைகளைப் பிழிந்தவர்கள் திருச்சபையின் வரலாற்றில் உண்டு.

காப்பிக்கொட்டையில் நீரில் கரையக்கூடியது மொத்தமே ஏறத்தாழ 30 சதவீதம். மீதி நார், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் கரையாது. அந்த முப்பதிலும் இருபது சொச்சம் இறங்கியதோடு நிறுத்துகிறவருக்குத்தான் நல்ல காப்பி கிடைக்கிறது. அதைத் தாண்டிப் பிழியப் பிழியக் கசப்புதான் கூடுகிறது. நம் வீடுகளில் இப்படிப் பிழியப்படுகிறவர்கள் யார்? அதிகாலை நான்கு மணிக்கு அடுப்பு பற்றவைத்து, பகலெல்லாம் தோட்டத்தில் கூடை சுமந்து, இரவு எல்லாரும் தூங்கிய பிறகு பாத்திரம் கழுவும் பெண்ணைத்தான் முதலில் சொல்வேன். அவர் முகத்தில் சிடுசிடுப்பு இருக்கிறது என்று குறை சொல்கிற கணவரே, அந்தக் கசப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டதுண்டா?

மாற்கு நற்செய்தியில் அந்தக் கைம்பெண்ணின் காணிக்கைக்கு நேர் முந்தைய வசனத்தைப் போய்ப் படியுங்கள். கைம்பெண்களின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் செய்கிறவர்களை ஆண்டவர் அங்கே கடுமையாகச் சாடுகிறார். இரண்டும் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தானாக மனமுவந்து கொடுத்த பெண்ணைப் பாராட்டுகிறவர், அவரைப் போன்றவர்களைப் பிழிகிறவர்களைக் கண்டிக்கிறார். களைத்துத் திரும்பிய சீடர்களைத் தனிமையான இடத்துக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னவரும் அதே ஆண்டவர்தான்.

கருவியைப் பற்றி இன்னும் இரண்டு காரியங்கள் உண்டு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அதற்குத் தெரிவது எவ்வளவு கரைந்தது என்பது மட்டுமே. எது கரைந்தது என்று தெரியாது. சிக்கரி கலந்த டிகாக்‌ஷனில் சிக்கரியும் கரைந்து எண்ணைக் கூட்டும். சர்க்கரை போட்டாலும் கூடும். சிக்கரி கலந்த தூளில் காப்பி குறைந்தது 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது, ஆனால் கலவையில் எது எத்தனை என்பதை இந்தக் கருவியிடம் கேட்டுப் பயனில்லை. நாம் செய்யும் நற்செயல்களிலும் புகழாசை எத்தனை பங்கு, அன்பு எத்தனை பங்கு என்பது வெளியே தெரியாது. நமக்கே முழுதாகத் தெரியாது. அதனால்தான் அன்றாடம் கடவுளின் முன்னிலையில் உட்கார வேண்டியிருக்கிறது.

அடுத்தது, அளக்கும் முறை. இந்த இளைஞர்கள் ஒவ்வொரு தடவையும் முதலில் காய்ச்சி வடிகட்டிய தூய நீரை அந்தக் குழியில் விட்டு, கருவியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு காப்பியை நன்றாகக் கலக்கி, சிறிதளவு எடுத்து, ஆறும்வரை மூடி வைக்கிறார்கள். மூடாவிட்டால் நீர் ஆவியாகி எண் கூடிவிடும். சூட்டோடு விட்டால் எண் நிலைகொள்ளாது. கொஞ்சம் பொறுத்து, மேசையில் உள்ள கருவியும் காப்பியும் ஒரே வெப்பத்துக்கு வந்த பிறகுதான் பொத்தானை அழுத்துகிறார்கள். ஒரு கோப்பைக் காப்பிக்கு இத்தனை கவனம் காட்டுகிறோம். கோபம் கொதிக்கும்போதே பிள்ளைகளைப் பற்றியும், மருமகளைப் பற்றியும், பங்குத்தந்தையைப் பற்றியும் கடைசித் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். புனித இஞ்ஞாசியார் நாள்தோறும் செய்யச் சொன்ன ஆன்மச் சோதனை இதற்கு நல்ல மருந்து. முதலில் கடவுளுக்கு நன்றி சொல்லி, ஒளி கேட்டு, பிறகு அன்றைய நாளை அமைதியாகப் பார்ப்பது. அங்கே நாம் அளப்பது நம்மைத்தான். நமக்குக் கொடுக்கப்பட்டது எவ்வளவு என்பது நமக்கு ஓரளவாவது தெரியும். இரண்டாவது கணக்கைப் போட நமக்கு உரிமையுள்ள ஒரே ஆள் நாமே.

அந்த இளைஞர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: கருவியைத் தங்கள் கையைத் திருத்திக்கொள்ளப் பயன்படுத்துகிறார்கள். எண் குறைந்தால் இன்னும் சற்று நைசாக அரைக்கிறார்கள், கூடினால் நேரத்தைக் குறைக்கிறார்கள். அம்மா போட்ட காப்பியில் கருவியை நீட்டி, பாருங்கள், உங்கள் காப்பி எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று சொல்வதில்லை. அப்படிச் சொல்லவும் முடியாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பலருக்கு வெவ்வேறு விதமாக வடித்த காப்பியைக் கொடுத்துச் சோதித்தபோது, விருப்பங்கள் ஒரே பெட்டிக்குள் அடங்கவில்லை. ஒரு சாராருக்குப் பிடித்தது மற்றொரு சாராருக்குப் பிடிக்கவில்லை. லாக்கார்ட் வகுத்த எல்லை நல்ல வழிகாட்டி. எல்லா நாக்குக்கும் அது சட்டமாகிவிடாது.

கடைசியாக, தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும், கங்காணிகளுக்கும், எடை போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரபிக்காப் பழப் பறிப்பு முடிகிற மாதம் இது. மாலையில் கூடைகளை வரிசையாக வைத்து எடை போடுகிறீர்கள். பறித்த கிலோவுக்குத் தக்கபடி பணம் கொடுக்கிறீர்கள். ஒரு கிலோ காப்பிக்கொட்டை கிடைக்க ஐந்தாறு கிலோ பழம் பறித்தாக வேண்டும். அது எத்தனை முறை கை நீட்டி எடுக்கும் வேலை என்று உங்களுக்குத் தெரியும். கள்ளத் தராசும் கள்ளப் படிக்கல்லும் கூடாது என்று லேவியர் நூலும், அவற்றைக் கடவுள் அருவருக்கிறார் என்று இணைச்சட்ட நூலும் நீதிமொழிகளும் சொல்கின்றன. கோப்பையில் ஒரு சதவீதத்தின் நூறில் ஒரு பங்கு வரை எண் காட்டும் கருவி இன்று வந்துவிட்டது. அந்தக் காப்பியைப் பறித்தவரின் கூடையில் ஒரு கிலோவைக் குறைத்து எழுதினால், அந்தத் துல்லியம் யாருக்காக?

ஆண்டவர் சொன்ன நல்ல அளவை இங்கே தொடங்கட்டும். தராசை முள் சரியாக நிற்கும்படி இந்த வாரமே சரிபாருங்கள். ஈரம், தூசி, காய் என்று கழிக்கும் எடையை எல்லாருக்கும் தெரியும்படி சொல்லிக் கழியுங்கள். சந்தேகம் வரும் இடத்தில் தராசு பறித்தவர் பக்கம் சாயட்டும். வீட்டில் ஒருவரைப் பற்றிக் குறை சொல்ல வாய் திறக்கும்முன், அவர் எவ்வளவு சுமந்து வந்தார் என்று ஒருமுறை கேளுங்கள். தவக்காலம் அருகில் வருகிறது. யாருக்காவது கூலி பாக்கி வைத்திருந்தால், திருநீற்றுப் புதனுக்கு நெற்றியில் சாம்பல் வாங்க வருவதற்கு முன்பே அதைக் கொடுத்து முடித்துவிட்டு வாருங்கள்.